வெள்ளையனுக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு

தென்காசி, 12-7-64

என்னங்க,

அச்சன்புதூருக்கு அக்காவைப் பார்க்கப் போறேன். விளக்கு வைக்கதுக்குள்ள வந்திருவேன். சோறும் புளிக்குழம்பும் மூடியிருக்கு.

ரெண்டு மணிக்கு வெள்ளையனுக்கு மூத்திரம் எடுத்துவிடணும். மதராஸ்ல முதுகு ஆபரேஷன் பண்ணியும் அதுக்குத் தானாப் போகலை. பின்னங்கால் ரெண்டையும் சேர்த்து ஒருக்களிச்சுப் படுக்கவச்சு, ரெண்டு உள்ளங்கையாலயும் அடிவயித்தை மெதுவா அமுக்குங்க. சொட்டு நிக்கிறவரைக்கும் கையை எடுக்காதீங்க. பிறகு வெந்நீர்ல தொடச்சிருங்க. சாரல்ல துணி காயலை; அடுப்புக்கு மேல கொடியில கிடக்கு.

காரைப் பின்னால எடுத்து அதுமேல ஏத்தினது நீங்கதான். நான் இன்னும் மறக்கலை.

நாச்சியார்

இன்னொண்ணு. “என்னைக் கண்டா வாலே ஆட்ட மாட்டேங்கு, அதுக்குக் கோபம் தீரலை”ன்னு நேத்து சொன்னீங்க. வாலுக்கு உயிர் இல்லைங்க. உங்க செருப்புச் சத்தம் கேட்டா இன்னும் காதைத் தூக்குது. இன்னைக்காவது பாருங்க.