எட்டு மணித் துணி

நவம்பர் 30, வெள்ளி

காலையில் நல்ல வெயில். கிணற்றில் தண்ணீர் இன்னும் பாதிதான். கீழே ஆறு ஓடவில்லை, குட்டை குட்டையாகக் கிடக்கிறது. கொசு.

பத்து மணிக்கு உத்தரவு வந்தது. மலேரியா அடங்கும்வரை பள்ளிக்கூடம் பூட்டு. தலைமை ஆசிரியர் தம்பையா மாஸ்டர் வாசித்தார். (இனி த.மா. அந்த மனுசன் பெயரைத் தினம் முழுதாக எழுத எனக்குப் பொறுமை இல்லை.) பிள்ளைகள் முதலில் கூச்சல் போட்டார்கள். பிறகு கடைசி வாங்கில் காலியாக இருந்த நாலு இடத்தைப் பார்த்து அடங்கிவிட்டார்கள். அந்த நாலு பேரும் போன கிழமையிலிருந்து காய்ச்சலில்.

எனக்கு ஆத்திரம். பூட்டிவிட்டால் முடிந்ததா? பள்ளிக்கூடம் வந்தால் யார் வரவில்லை என்றாவது தெரியும். வீட்டோடு கிடந்தால் யார் போய்ப் பார்ப்பது? தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி வருவது கிழமைக்கு ஒரு தரம்.

வழி சொன்னது ஐந்தாம் வகுப்பு பாக்கியம். "டீச்சர், எங்க லயத்துக் கொடி இங்கேருந்து தெரியுதுல்ல? நீங்கதானே அன்னிக்கு எங்கம்மா சேலையப் பாத்துட்டுக் கேலி பண்ணுனீங்க." உண்மைதான். பள்ளி இஸ்தோப்பில், முன் விறாந்தையில் நின்றால் பள்ளத்தில் கொக்கோத் தோட்டத்தின் வரிசை வரிசையான லயத்து வீடுகள் அத்தனையும் தெரியும். எந்த வீட்டுக் கொடியில் என்ன துணி காய்கிறது என்பது வரை.

ஆகவே சட்டம்: தினம் காலை எட்டு மணிக்கு முன் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் கொடியில் ஒரு துணி போடவேண்டும். பின்னேரம் எடுத்துவிடவேண்டும். துணி கிடந்தால் சுகம். இல்லாவிட்டால் நான் வருவேன்.

த.மா. யாழ்ப்பாணத்துக்காரர், எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பார். "உந்த ஏற்பாட்டை மாத்திச் செய்தால் என்ன டீச்சர்? காய்ச்சல் வருத்தம் எண்டால் துணி போடட்டும்."

"வருத்தக்காரன் எழும்பி வந்து துணி போடுவானா மாஸ்டர்?"

நல்லாக் கேட்டேன்.

டிசம்பர் 3, திங்கள்

மூட்டம். எட்டு மணிக்கு ஒன்றும் தெரியவில்லை, எட்டரைக்கு வெளித்தது. பதினேழு வீடு, பதினேழு துணி; காய்ச்சலில் கிடந்த அந்த நாலு பேரும் எழும்பிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரு வீட்டில் சாக்கு. சாக்கும் துணிதான், இருக்கட்டும். பாக்கியம் வீட்டுத் துணி மஞ்சள். கடைசி லயத்தின் ஒற்றையறை வீடுகளில் கடைசிக் காம்பரா என்பதால் ஓரமாக, தனியாகத் தெரிகிறது. வரவு இடாப்பில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'சுகம்' என்று எழுதினேன்.

பாடத்துக்கும் வழி பிடித்தாயிற்று. சந்தியில் கடை வைத்திருக்கும் சாலி நானா எல்லா வீட்டுக்கும் சாமான் கட்டிக் கொடுப்பவர். அவர் பொட்டலம் கட்டும் கடதாசியில் நான் கணக்கு எழுதித் தருகிறேன். பிள்ளைகள் விடை எழுதி அடுத்த தரம் கடைக்கு வரும்போது கொடுக்கவேண்டும்.

சாலி நானா: "பருப்புக்குப் பெருக்கல், சீனிக்குக் கழித்தல். மாறிப் போனா என்னக் குத்தம் சொல்ல வாணாம் டீச்சர்."

மஹய்யாவயிலிருந்து தம்பி கடிதம். பள்ளிக்கூடம்தான் பூட்டியாயிற்றே, வீட்டுக்கு வந்துவிடு அக்கா என்று. பதில் போடவில்லை.

டிசம்பர் 6, வியாழன்

ஒரு கொடி வெறுமை. செல்லையா வீடு. ஓடினேன். அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லாரும் ஒரே சாக்குப் படங்குக்குள் நடுங்கிக்கொண்டு. த.மா. சைக்கிளில் போய் அப்போதிக்கரியைக் கையோடு கூட்டி வந்தார். கொயினா மருந்துத் தண்ணீர் கொடுத்தாயிற்று. இந்தப் பிள்ளைகள் விழுங்கினேன் என்று தலையாட்டிவிட்டுப் பின்னால் போய்த் துப்புகிற ஆட்கள். வாயைத் திறந்து பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்லு என்றேன். செல்லையா நாற்பத்தெட்டு வரை வந்தான். அதற்குள் உள்ளே போயிருக்கும்.

அப்போதிக்கரி சொன்னார், இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் சின்னது தப்பியிராது என்று. த.மா. இதைப் பள்ளிக்கூடக் குறிப்பேட்டில் எழுதினார்: 'துணி ஏற்பாடு மிகவும் பயனுடையது.' எனக்குப் பெருமையாக இருந்தது. இருந்தால் என்ன?

டிசம்பர் 8, சனி

மாதா திருநாள். பூசைக்குப் போகமுடியவில்லை. பூட்டிய பள்ளி மண்டபத்தில் காய்ச்சல்காரருக்குக் கஞ்சிப் பானை. த.மா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துழாவுகிறார். துழாவல் பரவாயில்லை, உப்புத்தான் கூட.

சாலி நானா அரிசி கொண்டு வந்தார். நோன்பு தொடங்கிவிட்டது. மேடேறி வந்து மூச்சு வாங்குகிறார், தண்ணீர் கொடுக்கவும் முடியாது. நிழலில் கதிரை போட்டு உட்காரச் சொன்னேன்.

விடைத்தாள் பதினொன்று வந்தது. பருப்பு வாசம். பாக்கியம் ஒரு கணக்குத்தான் பிழை. அடியில் எழுதியிருக்கிறாள்: 'அப்பா ஹேவாஹெட்டைக்கு வேலைக்குப் போயிட்டார். தம்பி ராசு டீச்சருக்கு வணக்கம் சொல்லச் சொன்னான்.' ராசுவுக்கு மூன்று வயது. அக்காளைக் கூப்பிட வந்தால் என் மேசைக்குக் கீழே உட்கார்ந்து சோக்குக்கட்டி தின்கிறவன்.

டிசம்பர் 10, திங்கள்

பதினேழு துணி. சவர்க்காரம் முடிந்தது. கால் வீக்கம். வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 11, செவ்வாய்

விடிய முன்னமே மழை. இரண்டு கொடி வெறுமை. குடையோடு இரண்டு வீட்டுக்கும் போனேன். ஒன்றில் காய்ச்சல், கொயினா கொடுத்தேன். மற்றதில் ஒன்றுமில்லை. அந்த வீட்டுப் பொம்பிளை சிரிக்கிறாள். "மழையில எவ டீச்சர் துணி காயப் போடுவா?" முழங்கால் வரை சேறு எனக்கு. மழையோ புயலோ, எட்டு மணிக்குத் துணி கிடக்கவேண்டும் என்று கத்திவிட்டு வந்தேன்.

பாக்கியத்தைப் பார்த்துப் படிக்கட்டும். கொட்டுகிற மழையிலும் மஞ்சள் துணி தொங்குகிறது. சொன்னால் கேட்கிற பிள்ளை.

டிசம்பர் 12, புதன்

மழை. மஞ்சள் துணி ஒரு முனை இறங்கி மண்ணில் இழுபடுகிறது. கொஞ்சம் ஒழுங்காகப் போட்டால் என்ன, இந்தப் பிள்ளை? நேற்றுக் காய்ச்சல் கண்ட வீட்டிலும் துணி விழுந்துவிட்டது, பதினேழும் சுகம்.

த.மா. கண்டிக்குப் போய்விட்டு நல்ல சந்தோஷமாக வந்தார். மேலிடத்தில் மெச்சினார்களாம். மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பத் துணி ஏற்பாட்டை எழுதித் தரச் சொன்னார்களாம். "உம்மடை பேரும் போடுறன் டீச்சர்." வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

டிசம்பர் 13, வியாழன்

எழுத வரவில்லை. எழுதுகிறேன்.

மழை விட்டிருந்தது. எட்டு மணிக்குப் பார்த்தேன், பதினேழும் சுகம் என்று எழுதினேன். ஒன்பது மணிக்குச் சாலி நானா ஏறி வந்தார். "டீச்சர், பாக்கியம் வீட்டுப் பொட்டலம் ரெண்டும் அப்படியே ஈக்குது. ஞாயிறுக்குப் பொறகு அந்த வீட்டால ஒருத்தரும் வரல்ல."

"துணி கிடக்குதே நானா." கை நீட்டிக் காட்டினேன்.

அவர் பார்த்தார். "நேத்தும் அப்படித்தான் கெடந்திச்சு டீச்சர். அதே முனை கீழ எறங்கி."

திங்கட்கிழமை காலை போட்ட துணி. எடுக்க ஆளில்லை.

நான் காலையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஒரு பின்னேரம்கூட இஸ்தோப்புக்குப் போய்ப் பார்க்கவில்லை.

கடைசிக் காம்பரா. பள்ளிக்கூடப் பிள்ளை இல்லாத பக்கத்துக் காம்பராச் சனம் காய்ச்சலுக்குப் பயந்து போன கிழமையே ஊரை விட்டுப் போயிருக்கிறது. கதவு சாத்தியிருந்தது. தாய் காளியம்மா சுவரோடு. பாக்கியம் பாயில், கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. ராசு தாயின் மடியில். உயிர் போய் ஒரு நாள் ஆகியிருக்கும் என்றார், த.மா. கூட்டி வந்த அப்போதிக்கரி.

சாலி நானா வண்டியைக் கட்டித் தாயையும் மகளையும் ஏற்றினார். நோன்போடு கண்டி ஆஸ்பத்திரிவரை அவரே ஓட்டிப் போனார். பாக்கியத்தின் தலை என் மடியில். வழி நெடுகக் கூப்பிட்டேன்.

டிசம்பர் 14, வெள்ளி

ராசுவை அடக்கம் செய்தாயிற்று. அப்பனுக்கு ஆள் போயிருக்கிறது, இன்னும் வந்து சேரவில்லை. மண் போட்டது த.மா.வும் சாலி நானாவும் செல்லையாவின் அப்பாவும்.

இடாப்பில் பாக்கியம் பெயருக்கு நேரே செவ்வாய் சுகம், புதன் சுகம், வியாழன் சுகம். என் எழுத்து. அழகான எழுத்து.

த.மா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதுங்கள் என்றேன். "உந்த விசயத்தை எழுதினால் நாளைக்குக் கஞ்சியையும் நிப்பாட்டச் சொல்லுவாங்கள் டீச்சர். மிச்சப் பிள்ளையளை யோசியும்." பொய் சொல்லவில்லை அவர். அப்படியும் நடக்கும். ஆனாலும் அவர் கஞ்சிக்குப் போன நேரம் பேனையை எடுத்து அவருடைய 'மிகவும் பயனுடையது' என்பதற்குக் கீழே நானே எழுதிக் கையெழுத்து வைத்தேன். பார்த்தார். கிழிக்கவில்லை.

டிசம்பர் 15, சனி

பதினாறு வீட்டுக்கும் நடந்தேன். இனித் துணி வேண்டாம். காலையும் மாலையும் ஒரு வீட்டார் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கவேண்டும். தனியாக இருக்கிற காம்பராக்களுக்கு நான் போவேன்.

செல்லையாவின் அம்மா இன்னும் சுவரைப் பிடித்துத்தான் நிற்கிறாள். சொன்னாள்: "அது நாங்க எப்பவும் செய்றதுதானுங்களே டீச்சர். காலையில எந்திரிச்சா ஒருத்தர ஒருத்தர் கூப்பிட்டுப் பாப்போம். நீங்க அங்கேருந்து பாத்துக்கிறீங்கன்னுதான் இப்ப விட்டுட்டோம்."

குற்றமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

டிசம்பர் 18, செவ்வாய்

ஆஸ்பத்திரி. கட்டில் போதாமல் தரையில் பாய். பாக்கியத்துக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. இரண்டு நாள் போனால்தான் சொல்லமுடியும் என்கிறார்கள். அப்பன் வந்து மகளின் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

காளியம்மா எழும்பி உட்கார்கிறாள். சாப்பிடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர் தினம் பாக்குறாங்கன்னு புள்ள சொல்லிக்கிட்டே இருக்கும். அந்த நெனப்புலதான் நான் எதிர் லயத்துக்குக்கூடக் குரல் குடுக்கல. நீங்களும் வந்தீங்கல்ல."

வந்தேன். வியாழக்கிழமை வந்தேன். சாப்பிடுங்க காளியம்மா என்று மட்டும் சொன்னேன். கோழை. பஸ்ஸில் வரும்போது என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 20, வியாழன்

காலை ஐந்து காம்பரா, மாலை ஐந்து காம்பரா. புதுக் காய்ச்சல் இரண்டு. இரண்டையும் பக்கத்து வீட்டார்தான் முதலில் கண்டு சொன்னார்கள். த.மா. இப்போது கஞ்சிக்கு உப்புப் போடமுன் என்னைக் கேட்கிறார். பாக்கியம் பற்றிச் செய்தி இல்லை.

டிசம்பர் 22, சனி

பாக்கியத்துக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. பிழைத்தாள். என்னைக் கண்டதும், "டீச்சர், கணக்கு ஒண்ணும் செய்யல" என்றாள். தலையைத் தடவினேன். தம்பியைப் பற்றி இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை. அப்படியே தூங்கிப்போனாள். அப்பன் வெந்நீர் எடுக்கப் போனான்.

இன்று சொல்லியே தீருவது என்றுதான் போனேன். சொன்னேன். மூன்று நாளும் பார்த்தேன் காளியம்மா, துணி கிடந்தது, சுகம் என்று எழுதிவிட்டேன், பின்னேரம் ஒரு நாளும் பார்க்கவில்லை. பிழை என்னுடையது.

திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ள ஆயத்தமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாக்கெழம புள்ள எந்திரிச்சுச்சு டீச்சர். துணிய எடுக்கணும்மான்னு கதவு வரைக்கும் தவந்து போச்சு. நான்தான் மழையில நனையாதடின்னு புடிச்சு இழுத்துப் படுக்க வச்சேன். அப்ப ராசு முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தான்."

என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் போயிருக்கிறேன். இறக்கி வைத்த இடம் அவள் தலை.

பிறகு கேட்டாள். "எடுத்திருந்தா வந்திருப்பீங்களா டீச்சர்?"

ஆமாம் என்பது வாய்வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இல்ல காளியம்மா. மழைக்கு உள்ள எடுத்து வச்சிருக்கீங்கன்னு நெனச்சிருப்பேன். வந்திருக்க மாட்டேன்."

பொய். அந்த மழையில் துணி இல்லாத இரண்டு வீட்டுக்கும் போனவள் நான்.

"அப்ப சரிங்க" என்றாள். பிறகு தலைமாட்டில் ஆறிக்கிடந்த கஞ்சியை எடுத்துக் குடித்தாள். கோப்பை முழுவதும்.

கிறிஸ்மஸுக்கு முன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். இந்தப் பொய்யை அங்கே சொல்லமாட்டேன்.