பசை காய்ச்சிய கொட்டகை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நம் வீட்டை நீ பசை காய்ச்சிய கொட்டகை ஆக்கிவிட்டாய். அது ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் நலம், உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, என்மேல் கோபம் குறையவில்லை, காரணம் கீழே வருகிறது.

பழைய சாலையில் எந்தக் கட்டடத்தில் என்ன தொழில் நடந்தது என்று பலகை மாட்ட நகராட்சிக்காரர்கள் உன்னிடம் வரைபடம் கேட்டபோது, கட்டடக்கலை படித்தவள், இந்த வரிசையிலேயே பிறந்தவள், இவளைவிட யாருக்குத் தெரியும் என்று டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டவனும் நான்தான். சுங்கச்சாவடிக்கு இடக்கைப் பக்கம் இரும்பு வார்க்கும் பட்டறை, வலக்கைப் பக்கம் பசை காய்ச்சும் கொட்டகை என்பது பழைய குறிப்பு. அந்தச் சுங்கச்சாவடிதான் இப்போது தையல்காரர் கடை. நீ மனதுக்குள் அவர் கடை வாசலில் நின்றுகொண்டு இடது வலது பார்த்துவிட்டாய். இங்கே வீடெல்லாம் திரும்பி உட்கார்ந்தவை என்பது உனக்கு மறந்துபோயிற்று. அந்தக் காலத்தில் சாலை ஆற்றங்கரைப் பக்கம் இருந்தது. மறுபக்கம் புதுச் சாலை வந்ததும் எல்லோரும் பின்சுவரை உடைத்து வாசல் வைத்துக்கொண்டார்கள், முகப்பு கொல்லையாகிவிட்டது. சுங்கம் கட்ட வண்டிகள் வரிசையில் நின்ற இடத்தில்தான் உன் அம்மா துணி உலர்த்துகிறாள். ஆக, பட்டறையாக இருந்த நம் வீட்டில் பசைக் கொட்டகை, எச்சம் ஏதும் இல்லை என்று பலகை. பட்டறை, உலைச் சுவர் எஞ்சியுள்ளது என்ற பலகையோ தையல்கடைக்கு அந்தப் பக்கம், உன் தாய்மாமன் வீட்டில்.

அவனிடம் போய்க் கழற்றச் சொன்னேன். "நான் கேட்டா வந்துச்சு மச்சான், அதுவா வந்துச்சு, அதுவா போகட்டும்" என்கிறான், சொல்லிக்கொண்டே பலகையைத் துடைக்கிறான். வருகிறவர்கள் அவன் போன வருடம் கட்டிய குளியலறைச் சுவரைப் புகைப்படம் எடுத்துப் போகிறார்கள். உன் அம்மாவோ நம் பலகையைப் படித்துவிட்டு, "என் பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கா, ஒட்டினா விடாத ஆளு இங்க ஒருத்தர் இருக்காரே" என்று தையல்காரரிடம் சொல்லிச் சிரித்தாள். அவர் வாயில் ஊசி இருந்ததால் சிரிக்காமல் தப்பித்தார்.

இத்தோடு போயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆற்றங்கரைப் பக்கம் நடைபாதை போடுகிறார்களாம், எச்சம் உள்ள சுவரைத் தொடமாட்டார்கள், மற்றதெல்லாம் வரும் வாரம் இடிப்பு. மாமனின் குளியலறை பிழைத்தது, நம் கொல்லைச் சுவரில் இருக்கும் பட்டறை உலைவாய் போகிறது. பாலத்துக் கைப்பிடியும் தெருவிளக்குக் கம்பங்களும் அந்த வாயிலிருந்து வந்தவை. அதன் எதிரில் உட்கார்ந்துதான் நான் யாரும் சொல்லித்தராமல், ஊரார் பம்பு சிலவற்றைக் கெடுத்து, பம்பு பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டேன். கண்ணாமூச்சி ஆடும்போதெல்லாம் நீ ஒளிந்ததும் அதற்குள்தான். எவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டியும் காதுமடல் கரி போகாது. அந்தக் காதோடு பள்ளிக்கூடம் போனவள், எச்சம் ஏதும் இல்லை என்று எழுதியிருக்கிறாய்.

நகராட்சி இன்ஜினியரைப் போய்ப் பார்த்தேன். "பெரியவரே, படம் போட்டது உங்க பொண்ணு, அவங்க தப்புன்னு எழுதிக் குடுத்தா அன்னைக்கே மாத்திடறேன், உங்க பேச்சக் கேட்டு மாத்தினா நாளைக்குத் தெருவே வந்து நிக்கும்" என்றார். நியாயம்தான், எனக்குத்தான் பிடிக்கவில்லை. அதனால் உலைவாய்க்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். துணி உலர்த்த இடமில்லை என்பதே அம்மாவின் கோபம். நேற்று ஈரத்துண்டை என் தோளில் போட்டுவிட்டு, "சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, காயட்டும்" என்று போய்விட்டாள்.

போன தடவை வந்தபோது நீ முன்வாசலில் காரைவிட்டு இறங்கினாய், முன்வாசலிலேயே ஏறிப் போனாய், கொல்லைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்த இடது வலது குழப்பம் வந்திருக்காது. சண்டைக்குச் சொல்லவில்லை, தகவலுக்குச் சொல்கிறேன்.

இனி ஆக வேண்டியது. தபாலில் போட்டால் இடிப்பு முந்திக்கொள்ளும், ஆகவே தையல்காரர் இதைத் தன் போனில் படமெடுத்து உனக்கு அனுப்ப வேண்டும். நீ பார்த்த கையோடு, இடமும் வலமும் மாறிவிட்டது என்று இன்ஜினியருக்கு எழுத வேண்டும், வருத்தத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டாம், எனக்குத் தெரிவி. இன்ஜினியர் சொன்ன சொல் மாறாமல் பலகைகளை மாற்ற வேண்டும். மாமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது, குளியலறை போனால் நம் வீட்டில் குளிக்கட்டும், சோப்பு அவன் கொண்டுவர வேண்டும். அம்மா துண்டுக்கு வேறு தோள் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை உன்னை வேளைக்குச் சாப்பிட வைக்க வேண்டும், நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். அடுத்த முறை நீ ஆற்றங்கரைப் பக்கமாக வந்து கொல்லைக் கதவைத் தட்ட வேண்டும், மறந்துவிடாதே, அதுதான் நம் வீட்டு முன்வாசல். திறப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தற்சமயம் பசைக் கொட்டகையில் குடியிருக்கும்
உன் அப்பா