துடியலூர் வெயிலும் டாரதி மிஸ்ஸின் தூண்டிலும்

12 பிப்ரவரி 1958

வந்துவிட்டது! குன்னூரிலிருந்து பஸ் மேலே கட்டிக்கொண்டு வந்து இறக்கினார்கள். கல்யாணத்துக்கு முன் நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்து டாரதி மிஸ், சீமைக்குப் போகுமுன் தன் மூங்கில் தூண்டிலை எனக்கே அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடைக்கரையில் இருவரும் மாறி மாறி வீசிய அதே தூண்டில். குளத்துக்கரைக் குச்சி இல்லை இது. மூங்கிலை ஆறு மெல்லிய சிம்பாகச் சீவி ஒட்டி வார்னிஷ் பூசியது. மூன்று துண்டாகக் கழற்றி மாட்டலாம்.

சித்திரையில் லீவு போட்டு நீலகிரி மேலே அவலாஞ்சி ஓடைக்குக் கூட்டிப்போவதாக வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். நான் மீன் பிடிப்பேன் என்பதை மட்டும் நம்பவில்லை. "புடிச்சுக் காட்டு அம்மணி, அப்புறம் பேசலாம்" என்று சிரிக்கிறார். காட்டுகிறேன்!

4 மார்ச்

ஒரே கவலை. மலைக்குளிரில் இருந்த மூங்கில் இந்தத் துடியலூர் வெயிலில் என்ன ஆகும்? அது வந்த தகரக் குழாயைத் தொட்டால் தோசைக்கல். சூட்டில் பசை இளகினால் சிம்பு பிரிந்துவிடும் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். சுவரில் சாய்த்தால் வளையும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை. புது மாப்பிள்ளையைக்கூட இப்படித் தாங்க வேண்டியதில்லை!

கடைசியில் சோளம் கொட்டிவைக்கும் உள்ளறையைப் பிடித்தேன். தடித்த மண்சுவர், பகலும் இரவும் ஒரே குளுமை. துணிப்பையில் போட்டு உத்தரத்தில் நேராகத் தொங்கவிட்டேன். வீட்டுக்காரரைப் பெற்ற அத்தை எட்டிப் பார்த்து, "மூங்கில உளுப்பூச்சி அரிச்சுப்போடுமே கண்ணு" என்றார். "அரிக்காதுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

23 மார்ச்

நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது.

6 ஏப்ரல்

ஐயோ. ஐயோ.

அத்தை இன்று முறம் மெழுகினார். வெந்தயமும் ஊறவைத்த காகிதமும் அரைத்து முறம், கூடைக்கெல்லாம் வருஷா வருஷம் பூசுவதுதான். மீந்த விழுதை என் தூண்டிலுக்கும் பூசி வாசலில் காயப்போட்டுவிட்டார்! உச்சி வெயிலில்! நான் பெரியநாயக்கன்பாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்தது. துடைத்துப் பார்த்தால் நடுத்துண்டில் சிம்பு வாயைப் பொளந்துட்டு நிக்குது. யாரைத் திட்ட?

"உளு அரிக்காம இருக்கோணும்னுதானே கண்ணு பூசுனேன்" என்று முகம் செத்து நின்றார். பாசத்தில் செய்தது என்று தெரிகிறது, அதனால்தான் இன்னும் அழுகை வருகிறது.  நான் சாப்பிடவில்லை. இனி அவலாஞ்சி எதுக்கு?

8 ஏப்ரல்

இவர் ஆசாரியிடம் வச்சிரப் பசை வாங்கிவந்து காய்ச்சி, பிளவில் விட்டார். அதன்மேல் நூலை இறுக்கிச் சுற்ற வேண்டும். இவர் சுற்றினார், வழுக்கியது. நான் சுற்றினேன், அதைவிட மோசம். அத்தை உள்ளே போய்த் தன் கிழிந்த பட்டுச்சேலையிலிருந்து இழை உருவி வந்து உட்கார்ந்து சுற்றினார். ஓர் இழைமேல் ஓர் இழை ஏறவில்லை! "கைய வெக்காதீங்க ரெண்டு பேரும்" என்று அதட்டல் வேறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

17 ஏப்ரல்

வார்னிஷ் காய்ந்து மறுபடி உள்ளறையில் தொங்குகிறது. வளைத்துப் பார்க்கப் பயம். அவலாஞ்சிக்கு அத்தையும் வரட்டும் என்று நானே சொன்னேன்.

27 ஏப்ரல், அவலாஞ்சி

பல் கிடுகிடுக்கும் குளிர். கீழே சூட்டிலிருந்து வந்த மூங்கில் என்பதால் உடனே மாட்டாமல், பையைவிட்டு எடுத்து நிழலில் ஆறவிட்டேன். இவருக்குப் பொறுமை இல்லை. எனக்கு மட்டும் இருந்ததா?

முதல் வீச்சு சும்மா. அடுத்ததும் சும்மா. பிறகு — ஓர் இழுப்பு! தூண்டில் வில்லாக வளைந்தது, சரியாகக் கட்டுப்போட்ட இடத்தில். "உட்டுப்போடாதே!" என்று கத்திக்கொண்டு இவர் செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டார். கட்டு அசையவில்லை. புள்ளி புள்ளியாக ஒரு ட்ரௌட் மீன் துள்ளிக்கொண்டு கரைக்கு வந்தது. பிடித்துக் காட்டிவிட்டேன்! குதிக்க வேண்டும்போல் இருந்தது, குதித்தேன்.

அத்தை மீனைப் பார்க்கவில்லை. கட்டைத் தடவிப் பார்த்தார். "இப்படிக் குடு அம்மணி" என்று கையை நீட்டினார்.

மத்தியானம் ஆகியும் தூண்டில் என் கைக்குத் திரும்பவில்லை. கேட்டால், "இரு கண்ணு, இப்பத்தான் ஒண்ணு மோந்து பாத்துட்டுப் போகுது" என்கிறார்.