சொட்டு நின்ற ஞாயிறு

பிரேமலா,

"ஞாயித்துக்கிழமைகூட ஊரான் வீட்டு பைப்புதானா?" என்று சண்டை போட்டாயே. இனி ஞாயிறு வேலை கிடையாது என்று நேற்று கஸ்டமர் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். முனை வீட்டு ஆன்ட்டி, "அப்போ வேற ஆள பாத்துக்கிறேன் லா" என்றார். சரி என்றேன்.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது என் தப்பு. நான் வழக்கம்போல் போய்விடுவேன் என்று நீ இன்றைக்கு ஓவர்டைம் கேட்டு வாங்கி, விடியுமுன்னே பாலம் தாண்டி வேலைக்குப் போக சிங்கப்பூர் பஸ் ஏறிவிட்டாய்.

மீன் கறி அடுப்பில் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடு. நீ சொல்லிச் சொல்லி அலுத்த, குசினியில் பாத்திரம் கழுவுமிடத்தில் சொட்டிக்கொண்டே இருந்த குழாயையும் சரிசெய்துவிட்டேன்.

ரூபன்

பி.கு. எதிர்க் கோப்பிக்கடையில் இருக்கிறேன், வந்ததும் கூப்பிடு. நீ இல்லாத வீட்டில் துணைக்கு அந்தச் சொட்டுச் சத்தமாவது இருந்தது. அதுவும் நின்றபின் வீட்டில் உட்கார முடியவில்லை.