விட்ட இடத்தில் எழுப்பும் எழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறி இறங்காதீர்கள்.

இங்கே ஒரு வேடிக்கை, பயப்பட ஒன்றுமில்லை. எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு மதியம் சாப்பிடப் போனார், திரும்பி வரவில்லை. நெஞ்சுவலியாம். யாரும் அணைக்காத அவர் கணினிதான் இப்போது எனக்கு. அதில் அவரே எழுதி வைத்த ஒரு கட்டளை இருக்கிறது. ஒரே எழுத்தைத் தட்டினால் போதும். எழுதப் பயன்படும் எடிட்டர் என்ற செயலியை ஏற்கெனவே மூடாமல் உறங்க வைத்திருந்தால், அதை விட்ட இடத்திலேயே எழுப்பும், இல்லாவிட்டால் புதிதாகத் திறக்கும்.

தட்டினேன். புதிய பக்கம் வரவில்லை. அவருடைய வேலை பாதியில் நின்றிருந்தது. கடைசி வரியில், "சாப்பிட்டுட்டு வந்து முடிக்கிறேன்" என்று தனக்கே ஒரு குறிப்பு. அதன் ஓரத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

"அதை மூடிட்டு உன் வேலையைப் பாருப்பா," என்றார் மேலாளர். மனம் வரவில்லை. மறுபடி உறங்க வைத்துவிட்டேன். என் வேலைக்குத் திரையில் வேறு ஜன்னல் திறந்துகொள்கிறேன். ஆனாலும் கை தவறி அந்த எழுத்தைத் தட்டிவிட்டால் அவர்தான் வருகிறார்.

என் பழைய போர்வையை அனுப்ப முடியுமா? குளிரெல்லாம் இல்லை, சும்மாதான்.

அறைத்தோழன் சாப்பிடக் கூப்பிடுகிறான். மீதியை வந்து எழுதலாம் என்று பேனாவை மூடினேன். உடனே திறந்துவிட்டேன். சோறு ஆறினால் ஆறட்டும் அம்மா, இதை முடித்து உறையை ஒட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

உங்கள் சின்னவன்