இதயம் போடும் வேலை

பிப்ரவரி 4
அம்மா என் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். பரீட்சை முடியும்வரை கிடையாதாம். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன்.

எண்ணூறு சொச்சம் நண்பர்கள். முக்கால்வாசிப் பேரின் குரல்கூட எனக்குத் தெரியாது. ஒருத்தி நகம் வெட்டினால் 'அய்யோ அழகு' என்று எழுத வேண்டும். இன்னொருத்தி கொட்டாவி விட்டால் மூன்று இதயம். இதற்குப் பெயர் நட்பு. தூ.

ஆனால் போடாவிட்டால்? எங்கள் வகுப்பு மகாராணி முடி வெட்டிக்கொண்ட படத்துக்கு, நாங்கள் கட்டைக்குரல்காரி என்று கூப்பிடும் பெண் இதயம் போடவில்லை. அவ்வளவுதான், குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து மதியம் படிக்கட்டில் தனியாகச் சாப்பிடுகிறாள். நானும் பார்க்காத மாதிரி தாண்டிப் போகிறேன். அடுத்தது நானா?

பிப்ரவரி 5
அக்காவின் காலில் விழாத குறை. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. கூட்டமில்லாத நேரத்தில் அவள் போனிலிருந்து என் பெயரில் நுழைந்து எல்லோருக்கும் இதயம் போடுவாள். பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டேன்.

"எல்லாருக்கும் ஒரே மாத்திரைதானே? குடுத்தா போச்சு" என்றாள்.

பிப்ரவரி 11
யாருக்கும் தெரியவில்லை! மகாராணி தோளில் கைபோட்டு, இப்போதுதான் நான் பாசமாக இருக்கிறேன் என்றாள். நான் இல்லாத நானே இவர்களுக்குப் போதும். ஈக் கூட்டம்.

பிப்ரவரி 12
கணக்குப் பரீட்சை. சுமார்.

பிப்ரவரி 16
கட்டைக்குரல்காரி எல்லோர் முன்னாலும் என்னிடம் வந்து, "பூனை சாப்பிட ஆரம்பிச்சிடுச்சு. நீ சொன்ன மாதிரிதான் குடுத்தேன்" என்றாள்.

எந்தப் பூனை? மகாராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அக்காவைப் பிடித்தேன். பரீட்சைக்கு எந்தப் பாடம் என்று கட்டைக்குரல்காரி தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்டிருக்கிறாள், அக்கா பதில் போட்டிருக்கிறாள். பிறகு பூனைக்கு உடம்பு சரியில்லை என்று பேச்சு வளர்ந்து, தினமும் பேசியிருக்கிறார்கள். அவளோடு பேசக் கூடாது என்பதை நான் அக்காவிடம் சொல்லவே இல்லையே.

அவள் அப்படி என்ன தப்பு செய்தாள் என்று அக்கா கேட்டாள். முடிவெட்டு, இதயம், எல்லாம் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லும்போது எனக்கே கேவலமாக இருந்தது.

"அந்த எண்ணூறு பேர்ல நான் பேசினது அவ ஒருத்திகிட்டதான்டி" என்றாள்.

பிப்ரவரி 17
மகாராணி கழிவறை வாசலில் மறித்தாள். "உன் அக்கவுண்ட்ல யாரோ புகுந்துட்டாங்கன்னு குரூப்ல எழுதிடு. விட்டுடறோம்."

விட்டுடறாங்களாம். நான் என்ன இவங்க கட்டி வச்ச ஆடா?

பாதி உண்மைதான், எழுதினால் தப்பித்தேன். ஆனால் கட்டைக்குரல்காரி காதுக்கு அது போனால், தன்னோடு பேசியது யாரோ என்று பழைய செய்திகளைத் திறந்து பூனைப் படத்தைப் பார்ப்பாளே... எல்லாரும் ஒண்ணா முதுகைத் திருப்பினா நான் என்ன பண்ணுவேன்? பயமா இருக்கு. காலைக்குள் எழுத வேண்டுமாம்.

பிப்ரவரி 18
எழுதவில்லை. தைரியமெல்லாம் இல்லை. அக்கா போனை நீட்டினாள், விரல் போகவில்லை.

வகுப்பில் நுழைந்ததும் பேச்சு நின்றது. தூக்கிவிட்டார்கள்.

மதியம் படிக்கட்டுக்குப் போனேன். எழுதியது நான் இல்லை, என் அக்கா என்று கட்டைக்குரல்காரியிடம் சொல்லிவிட்டேன். இவளும் எழுந்து போவதானால் போகட்டும்.

அவள் மென்றுகொண்டே, "தெரியும். நீ அவ்வளவு நல்லவ இல்லையே" என்றாள்.

பிறகு எனக்கு இடம் விட்டு சுவர்ப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.