பிடரியில் வெயில்

மார்ச் 4

பழைய தெருக்களில் தண்ணீர் மீட்டர் பார்க்கும் சுற்று இன்று மறுபடி தொடங்கியது. ஒவ்வொரு வாசலிலும் குனிந்து, குழியின் மூடியைத் தூக்கி, கண்ணாடியைத் துடைத்து எண்ணைப் படிக்க வேண்டும். முகத்துக்குத் தொப்பி இருக்கிறது. குனிந்த பிடரிக்கு ஒன்றும் இல்லை. இந்தத் தெருக்காரர்களுக்கு என் முகத்தைவிடப் பிடரிதான் பழக்கம் என்று நினைக்கிறேன்.

மகளின் பிரசவத்துக்கென்று போன மனைவி இன்னும் திரும்பவில்லை. பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதாம்.

மார்ச் 6

அவளுடைய சோற்றுக்கற்றாழைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். வேறொன்றுமில்லை.

மார்ச் 9

முடி வெட்டப் போனேன். சலூன்காரர் பாதியில் கத்தரியை நிறுத்திவிட்டார்.

"என்ன சார், பின்னாடி இப்படிச் செவந்து தோல் உரிஞ்சு கெடக்கு? வீட்ல யாரும் பாக்கலையா?"

இரண்டு கண்ணாடிகளைப் பிடித்துக் காட்டினார். வேறு யாருடைய கழுத்தையோ பார்ப்பதுபோல் இருந்தது.

"பாத்தாங்க, பாத்தாங்க" என்று சொல்லிவைத்தேன்.

மார்ச் 10

மனைவி போனில். "என்னங்க, சாப்டீங்களா?" "ஆச்சு." "வேற?" "ஒண்ணுமில்ல."

நான் வெயிலில் இருந்து வந்ததும் கற்றாழையை வழித்துக் கழுத்தில் தடவிவிடுவாள். அதில் என்னென்ன கலப்பாள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கவலைப்படுவாள் — படாவிட்டால்? அதற்குத்தான் பயந்தேனோ?

மார்ச் 11

போனில் பார்த்த ஒரு வீடியோவில் ஒரு பெண் சொல்லிக் கொடுத்தாள். கற்றாழை, தேங்காய் எண்ணெய், அரை மூடி எலுமிச்சம்பழம். எல்லாம் இயற்கை, வெயில் கிட்டேயே வராதாம். கிண்ணத்தில் கலந்து, குருட்டாம்போக்கில் பின்கழுத்தில் தேய்த்தேன். பாதி பனியனுக்குப் போயிற்று. அப்படியே வேலைக்குக் கிளம்பினேன்.

மார்ச் 13

எரியுது. தலையணையில தலை வைக்க முடியல. கொப்புளம் கொப்புளமா — விரல்லயும். என்ன கண்றாவி வேலை பண்ணி வெச்சேன்! யாரைக் கூப்பிட்டு, 'கொஞ்சம் பாருங்க'ன்னு காட்டுறது?

மார்ச் 14

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

"எலுமிச்சம்பழத்தத் தடவிக்கிட்டு வெயில்லயா போனீங்க? அந்தச் சாறு மேல வெயில் பட்டா தோல் வெந்துடும் ஐயா."

"இயற்கைதானேம்மா?"

"வெயிலும் இயற்கைதான்."

எண்ணெய் வெயிலைத் தடுக்காது, கற்றாழை எரிச்சலைக் கொஞ்சம் ஆற்றும், அவ்வளவுதான் என்றார். வீட்டிலேயே செய்துகொள்ளக் கூடியதில் உருப்படியானது, நெருக்கமாக நெய்த துணியால் மூடுவதும் நிழலில் ஒதுங்குவதும்தானாம். மூடாத இடத்துக்கு வெயிலைத் தடுக்கும் ஒரு கிரீம். முதலில் புண் ஆறவேண்டும்.

"பின்னாடி கை எட்டாது. வீட்ல யாரையாவது தடவிவிடச் சொல்லுங்க."

தலையாட்டினேன்.

மார்ச் 22

புண் ஆறிவிட்டது. கிரீமை நானே எட்டியவரை தடவிக்கொண்டு மறுபடி வேலைக்குக் கிளம்பினேன். வழியில் சலூன்காரர் கூப்பிட்டு, என் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "இதென்ன, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி திட்டுத்திட்டா! உக்காருங்க." கிரீமை வாங்கி, காது மடலுக்குப் பின்னால்வரை நிதானமாகத் தடவினார். "தினம் இப்படியே வந்துட்டுப் போங்க சார். காலையில எனக்கென்ன கூட்டமா?"

மனிதக் கை ஒன்று கழுத்தில் பட்டு எவ்வளவு நாளாயிற்று! கண் கலங்கிவிட்டது. கிரீம் கண்ணில் பட்டுவிட்டது என்றேன். கழுத்தில் தடவியது கண்ணுக்கு எப்படிப் போகும் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

மார்ச் 29

இன்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அறிவிருக்கா உங்களுக்கு? அந்த எலுமிச்சம்பழத்தத் தலையில தேய்ச்சிருந்தாலாவது புத்தி தெளிஞ்சிருக்கும்!"

திட்டத் திட்டச் சுகமாக இருந்தது. தொப்பிக்குப் பின்னால் தொங்கவிட்டுத் தைக்க நெருக்கமான துணி வேண்டும் என்றேன்.

"பீரோல என் நீலக் காட்டன் புடவை இருக்குல்ல? அதக் கிழிச்சுக்கோங்க."

"அது உனக்குப் பிடிச்சதாச்சே. வந்தா கட்டிக்க வேணாமா?"

பேரன் அழுதான்; அவள் அவனைத் தட்டிக்கொடுப்பது கேட்டது.

"கிழிச்சுக்கோங்க" என்றாள்.

ஏப்ரல் 2

புடவையை வெட்ட எனக்குக் கை வரவில்லை. தையல்கார அம்மாவே வெட்டித் தைத்துக் கொடுத்தார். தோள்வரை தொங்குகிறது. எவ்வளவு குனிந்தாலும் பிடரியில் வெயில் விழவில்லை.

சலூன்காரர் துணியை விரலால் நிரடிப் பார்த்தார். "அருமையான துணி சார். எங்க வாங்கினீங்க?"

"வீட்ல சும்மா கெடந்தது" என்றேன்.